அந்தக் கடைசி அத்தியாயம் என்னுடையது

சாந்தோம் கோயில் வாசலில் கோணிப்பை விரித்துச் செபமாலை விற்றவன் நான். நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அந்தக் கோணிப்பையிலிருந்து எழுந்து மயிலாப்பூரில் புத்தகக் கடை வைத்தேன். கடைக்குப் பின்னால் அச்சகம் போட்டேன். கிறிஸ்தவ நாவல் என்றாலே பனி கொட்டும் ஊரில் துரைமார் குதிரை வண்டியில் போகிற கதை என்றிருந்தபோது, நெத்திலிக் குழம்பு வைக்கிற, பஸ்ஸுக்கு ஓடுகிற நம் ஜனங்களின் கதைகளைப் புத்தகமாக்கினேன். அடையாற்றில் ஒரு நர்ஸம்மாவை, அசோக் நகரில் ஒரு ஆட்டோ ஓட்டுநரை நாவலாசிரியர் ஆக்கினேன். படித்தவர்கள் கண்ணில் அவர்கள் படவில்லை. என் கண்ணில் பட்டார்கள்.

ஜெசிந்தாவைக் கண்டுபிடித்ததும் நான்தான். அவள் வேண்டாம் என்று சொல்லியும், அவளுக்குத் தெரியாமல், அவள் நாவலுக்குக் கடைசி அத்தியாயம் எழுதிச் சேர்த்ததும் நான்தான்.

நீங்கள் அழுதீர்களே, அந்த அத்தியாயம். காணாமல் போன மகன் விடியற்காலையில் கடற்கரையோரமாக நடந்து வருவானே... அது பொய். என் பொய்.

ஜெசிந்தா தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் பெண். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுதி எழுதியே அந்த நாவலை முடித்திருந்தாள். அவளுடைய அண்ணன் பீட்டர் மீன் பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. படகு மட்டும் கரை ஒதுங்கியது. அந்தத் துயரத்தைத்தான் கதையாக்கியிருந்தாள்.

உடல் கிடைக்காதவர்களுக்குக் கல்லறை ஏது? இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளன்று அவர்கள் வீட்டார் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலிருக்கும் பெரிய சிலுவையடியில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஜெசிந்தாவின் கதையில் வரும் தாய், என் பிள்ளை சாகவில்லை என்று பல வருஷம் அங்கே போக மறுப்பாள். கடைசியில் ஒருநாள் போவாள். ஒரு மெழுகுவத்தி ஏற்றுவாள். வீட்டுக்கு வந்து மீன் கழுவுவாள். அவ்வளவுதான் முடிவு.

படித்துவிட்டு அன்று மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டேன். இதையும் சொல்லிவிடுகிறேன்... அது நல்ல முடிவு என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்கள் என் மேசையில் புத்தகத்தை எடுத்தால் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தை. அங்கே கண்ணீரும் கர்த்தரும் சேர்ந்து வந்தால் வாங்குவார்கள். இல்லையென்றால் வைத்துவிட்டுப் போவார்கள். இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை.

"பையன் திரும்பி வரணும்மா," என்றேன். "ஏசு கூப்புட்டதும் செத்த லாசர் எழுந்து வரலியா?"

"லாசருக்குக் கல்லறை இருந்துச்சுய்யா," என்றாள். "கடல் குடுக்கலியே. நான் எப்டிக் குடுக்கறது?"

அவள் போன பிறகு அச்சகத்தில் உட்கார்ந்து நான் வாயால் சொல்லச் சொல்ல அங்கே வேலை செய்த பையனை டைப் அடிக்க வைத்தேன். எழுத்துப் பிழை மட்டும் பார்த்ததாக அவளிடம் சொன்னேன்.

கோயிலின் பங்கு மண்டபத்தில் வெளியீட்டு விழா. ஜெசிந்தாவின் தாய் சவுரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். மகளின் கதையை முதன்முதலாகக் கேட்க வந்திருந்தாள். ஒரு கன்னியாஸ்திரீ எழுந்து அந்தக் கடைசி அத்தியாயத்தை வாசித்தார். மேடையில் ஜெசிந்தாவின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, வேறு பக்கம் பார்த்தேன்.

வாசித்து முடித்ததும் சவுரியம்மா மேடையேறி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "இது எம் பொண்ணு எழுதுனது இல்லப்பா. பரிசுத்த ஆவியானவரு அவ கையப் புட்ச்சி எழுதிக்கீறாரு. எம் புள்ள வருவான், இன்னா?"

சபை முழுக்கக் கண்ணீரோடு இருந்தது. "ஆமா தாயி," என்றேன்.

எழுதியதைவிட அந்த 'ஆமா'தான் என்னைத் தின்கிறது. ஏன் சொன்னேன்? வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாமே...

ஜெசிந்தாவின் கதையில் வந்தது போலவே, பல வருஷம் மறுத்த சவுரியம்மா விழாவுக்கு முந்தின வருஷம்தான் சிலுவையடியில் முதல் மெழுகுவத்தி ஏற்றியிருந்தாளாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த கல்லறைத் திருநாளுக்கு அவள் போகவில்லை. ஜெசிந்தா கடைக்கு வந்து நின்றாள்.

"'உசுரோட கீறவனுக்கு எவடி மெழுவத்தி ஏத்துவா'ன்னு கேக்குதுய்யா அம்மா. அது நான் எழுதல, பொய்யின்னு சொன்னேன். 'ஏசுவத் தெரியாதுன்ன பேதுரு மாரி மறுதலிக்கிறியா'ன்னு மூஞ்சத் திருப்பிக்கிச்சு. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்கய்யா."

"பொஸ்தகம் இப்பத்தாம்மா சூடு புட்ச்சிகீது. கொஞ்சம் போவட்டும்," என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. மேசை மேலிருந்த தன் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். பிறகு எதுவும் எழுதவில்லை. நான் கண்டுபிடித்தவர்களிலேயே பெரிய எழுத்துக்காரி அவள். அவளை நிறுத்தியதும் நான்தான்.

கொஞ்சம் போகட்டும் என்றேனே, போயேவிட்டது. நாவல் மறுபடி மறுபடி அச்சாயிற்று. எனக்கு வயதாயிற்று. கோயில் சாமியாரிடம் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் மன்னிப்புக் கொடுத்தார். ஆனால் நான் திருடியது சாமியாரிடமிருந்து இல்லையே...

போன கல்லறைத் திருநாளன்று சவுரியம்மாவைத் தேடிப் போனேன். குப்பத்துக் குடியிருப்பில் கட்டடமே பெயர்ந்து விழுகிறது. மற்றவர்களெல்லாம் காலி செய்துவிட்டார்கள். மகள் எவ்வளவோ கூப்பிட்டும் இவள் மட்டும் போகவில்லை. அவன் வந்தால் இங்கேதானே தேடுவான் என்கிறாளாம். மேலே சிமெண்ட் உதிர்ந்து கம்பி தெரிந்தது. அதற்கு நேர் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தாள்.

"தாயி, அந்தக் கடைசிப் பாகம் ஜெசிந்தா எழுதல. நான் எழுதுனது. வித்துப் போவட்டும்னு எழுதுனது."

எழுந்து உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"நீயா? கடைக்கு போர்டு எழுதவே ஆள் வச்ச ஆளு நீ. உனக்கு அந்த மாரி எழுத வருமா?"

"சத்தியமா நான்தான் தாயி."

"போய்யா. ஊர்ல எவன் இன்னா செஞ்சாலும் நான் செஞ்சேன், நான் செஞ்சேன்னு சொல்லிக்கினு திரியிற ஆளாச்சே. இதையும் சேத்துக்கினியா?"

வாழ்நாள் முழுக்க நான் அடித்த தம்பட்டம் அந்த அறையில் என் வாயை அடைத்தது. படியிறங்கி வரும்போது, கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற ஜனங்கள் பூவும் மெழுகுவத்தியுமாகத் தெருவில் வந்துகொண்டிருந்தார்கள்.

இப்போதும் புதியவர்கள் நாவல் கொண்டுவருகிறார்கள். வாங்கிப் படிக்கிறேன். கடைசி அத்தியாயத்தை மட்டும் பிரிப்பதில்லை.

பதிப்பகம் இப்போது என் மகன் கையில். அடுத்த அச்சில் உண்மையைப் போடு என்றேன். "வுடுப்பா, அந்த அத்தியாயத்தாலதான் புக்கே ஓடுது," என்கிறான். என்னிடம் கற்றதை எனக்கே சொல்கிறான்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். அந்த நாவல் உங்கள் வீட்டில் இருந்தால் எடுங்கள். கடைசி அத்தியாயத்தின் தலைப்புக்குக் கீழே பேனாவால் என் பெயரை எழுதுங்கள். சூசைமாணிக்கம். எத்தனையோ கல்வெட்டில், எத்தனையோ அழைப்பிதழில் என் பெயரைப் போடச் சொல்லிச் சண்டை பிடித்திருக்கிறேன். அதையெல்லாம் அழித்துவிடுங்கள். இதற்குப் போடுங்கள். இது என் எழுத்து. அந்தப் பெண்ணுடையது அல்ல, ஆவியானவருடையதும் அல்ல.

எழுதிவிட்டு, உங்களில் யாராவது ஒருவர் அந்தப் பெயரைச் சவுரியம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள்.