இடது தோளில் துப்பாக்கி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். திருச்சியில் பொறியியல் படித்துவிட்டு டொராண்டோவுக்கு வந்தவன், நட்டும் போல்ட்டும்தான் எனக்கு வேதம். ஆனால் இதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், நம்பினால் நம்புங்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஜனவரி ஞாயிறு, மத்தியானம். டொராண்டோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் என் பக்கத்து அபார்ட்மெண்டில் யாழ்ப்பாணத்துக்காரர் சிவராசாவும் அவர் மனைவி மலரும் இருந்தார்கள். சிவராசா பிறக்கும் முன்பே அவர் அப்பா பம்பாய்க்குப் போய்விட்டார். அங்கிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது: வெள்ளைக்காரர்கள் எடுக்கும் படத்தில் சிப்பாயாக நடிக்கிறேன், முடிந்ததும் வருகிறேன். வரவில்லை. வேறு பெண்ணோடு ஓடிவிட்டார் என்றது ஊர். அம்மா மட்டும் கடிதத்தை நம்பினார். இப்போது யாழ்ப்பாணத்தில் அவர் படுத்த படுக்கை. கடிதம் உண்மைதான் என்று அவர் கண் மூடுவதற்குள் சொல்லிவிட வேண்டும், சிவராசாவுக்கு அதுதான் வெறி.

அது எந்தப் படம் என்று நாங்களே துப்புத் துலக்கினோம். எல்லைப்புறக் கோட்டை, கணவாய், மலைவாசிகளோடு சண்டை என்று ஒரு ஆங்கில சாகச நாவலை அப்படியே எடுத்திருந்த பழைய கறுப்பு வெள்ளைப் படம். நூலகத்தில் படச்சுருளும் புரொஜெக்டரும் இரவல் கிடைத்தன. அப்பாவின் புகைப்படம் ஒன்றுகூட இல்லை, அவர் இடக்கையர் என்பது மட்டும்தான் அடையாளம்.

ஜன்னலில் போர்வை, சுவரில் படுக்கை விரிப்பு, மெஷின் என் பொறுப்பு. வரிசைக்கு ஐந்தாறு பேராகச் சிப்பாய்கள் கணவாய் வழியே எங்களை நோக்கி அணிவகுத்து வந்தார்கள், எல்லோருக்கும் வலது தோளில் துப்பாக்கி, பின்வரிசையில் ஒருவருக்கு மட்டும் இடது தோளில். கண் சிமிட்டும் நேரம்தான்.

"நிப்பாட்டுங்கோ. திருப்பிப் போடுங்கோ" என்றார் சிவராசா.

பின்னோட்ட லீவரைத் தள்ளினேன். அப்படி ஓட்டினால் எல்லாம் தலைகீழாக நடக்கும், தெரியும்தானே. சிப்பாய்கள் முதுகுப்பக்கமாகவே கணவாய்க்குள் திரும்பிப் போனார்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உவர் மட்டும் ஏன் எங்களைப் பாத்து வாறார்?" என்றார் மலர்.

சிரிப்பு நின்றுவிட்டது. மற்றவர்கள் பின்னால் போக, இடது தோள்காரர் மட்டும் அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார், சாதாரணமாக, வீட்டுக்கு வருகிறவர் மாதிரி. முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது, அச்சு அசல் சிவராசா. சிவராசா எழுந்து விரிப்புக்குப் பக்கத்தில் போய் "அப்பா" என்றார். அந்த மனிதர் வாயைத் திறந்தார்.

நான் புரொஜெக்டர் விளக்கை அணைத்துவிட்டேன். பயம்தான், வேறென்ன.

மறுபடி முன்னும் பின்னும் எத்தனையோ தடவை ஓட்டினோம். அந்த வரிசையில் இடது தோள்காரர் யாருமே இல்லை.

"இன்னும் ரெண்டு எட்டு, கதைச்சிருப்பார்" என்றார் சிவராசா.

அப்பாவைப் படத்தில் கண்டேன், கடிதம் உண்மை என்று மட்டும் சிவராசா அம்மாவுக்கு எழுதினார். நான்தான் தபாலில் போட்டேன், போடும் முன் வாசித்தும் பார்த்தேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. சிவராசா அதை என் கையில் கொடுத்தார். நடுங்கும் எழுத்தில் ஒரே வரி.

"அவர் சொல்ல வாயெடுக்கேக்கை அந்தத் தம்பி ஏன் லைற்றை நிப்பாட்டினவர்?"