சீட்டில்லாத கன்று

தொலைக்காட்சியில் ஆபிரிக்கக் காட்டுமாடுகள் நாடு விட்டு நாடு போயின. வழியில் பிறந்த கன்றொன்று எழுந்து கூடவே ஓடியது. அதற்கு யார் சீட்டெழுதுகிறார்களோ?

நாற்பதுகளில் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் அப்பா விதானையார், ஊர்த் தலைமைக்காரர்; மாட்டுக்கு உரிமைச் சீட்டு எழுதுபவரும் அவரே. சீட்டில்லாத மாடு களவுமாடு என்பது சட்டம். வன்னியிலிருந்து அறுபது மாடு சாய்த்து வந்த கந்தையாவை எங்கள் வாசல் படலையில் மறித்தார்.

“கண்டுக்குச் சீட்டெங்கை?”

“ஐயா, அது காலமைதான் வழியிலை பிறந்தது.”

“அப்ப கண்டு இஞ்சை நிக்கட்டும்.”

“ஓம் ஐயா. தாயும் நிக்கும். தாய் நிண்டால் அறுபதும் நிக்கும்.”

நின்றன. எங்கள் பூவரசு வேலியை மேயவும் தொடங்கின.

“இஞ்சாருங்கோ, வேலி முடியமுந்தி எழுதிக் குடுங்கோ!” என்றார் அம்மா.

அப்பா மைக்கூட்டோடு வந்தார். நிறம், அடையாளம் எல்லாம் ஒழுங்காக நிரப்பினார். வயது என்ற இடத்தில் சற்றுத் தயங்கி, ‘இன்று’ என்று எழுதினார்.