புதுக் கர்னல்

அலுவலகத்தில் அவனுக்குப் பெங்குவின் என்று பெயர். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் கணினிகளைக் கட்டி மேய்க்கிறவன். லினக்ஸுக்குச் சின்னம் பெங்குவின். நடையும் கொஞ்சம் அப்படித்தான் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. வாரம் முழுக்க ஊரார் கணினிகளோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சோபாவில் விழுந்த இடத்திலேயே தூங்கிவிடுவான். என்ன கேட்டாலும் 'ம்' என்பதற்கு மேல் வார்த்தை வராது.

அவன் மனைவி, கட்டப்போகும் வீடுகளின் உட்புறத்தைக் கணினியில் படமாக வரைகிறவள். வரைந்தவள் என்றுதான் சொல்ல வேண்டும். படுக்கையில் கிடந்த மாமனாரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டாள். அவர் போய்ச் சேர்ந்த பிறகு இவளை யாரும் கூப்பிடவில்லை. இப்போதுதான், டிசைனராக இருக்கும் பழைய தோழி ஒருத்தி ஒரு வரவேற்பறைப் படம் கேட்டிருந்தாள். சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் கொடுக்க வேண்டும். நன்றாக வந்தால் முழு வீடும் இவளுக்கே. "எனக்கு இன்னும் வேலை தெரியுதான்னே சந்தேகமா இருக்குங்க" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் 'ம்' கொட்டினான்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வந்து பார்த்தால், புதுக் கர்னல் வந்திருக்கிறது, போடவா என்று அவள் வரைகிற வீட்டுக் கணினி நச்சரித்தது. கர்னல்தான் அந்த இயந்திரத்துக்கு அஸ்திவாரம். அதை மாற்றினால் மேலே இருப்பதெல்லாம் ஒருமுறை ஆடிப்போகும். வேலை நெருக்கும் சமயத்தில் அலுவலகத்தில் யாராவது இதைத் தொட்டால் கிழி கிழியென்று கிழிப்பவனே இவன்தான். ஆனாலும் கண் சொருக, கேட்டதற்கெல்லாம் சரி என்று தட்டினான். போதாததற்கு, இடத்தை அடைக்கிறது என்று பழைய கர்னலையும் துடைத்துப் போட்டான். பெரிய சுத்தக்காரன்.

மறுநாள் காலை அவள் உட்கார்ந்து, வரைந்த அறையை நிஜம் போலக் காட்டும் படமாக்க ஓடவிட்டதும் திரை உறைந்தது, பிறகு கறுத்துப்போனது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே கதை.

"நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல."

பிழைப் பதிவைத் திறந்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்கும் புதுக் கர்னலுக்கும் ஒத்துப்போகவில்லை. அவள் விரலுக்கு இதில் சம்பந்தமே இல்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் செய்தீர்கள் என்று கேட்பாள், பதில் சொல்ல உடம்பில் தெம்பில்லை. நீ போ, நான் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னான்.

பழைய கர்னலை இறக்கிப் போட்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் இந்தத் தொழில்காரர்களுக்கு ஒரு வீம்பு உண்டு: பின்னால் போனால் தோற்றுப்போனதாக அர்த்தம். டிரைவரைப் பிடுங்கி வேறு பதிப்பைப் போட்டான். இணையத்தில் முகம் தெரியாதவர்கள் சொன்ன வைத்தியத்தையெல்லாம் செய்து பார்த்தான். ஒவ்வொரு முறையும் கணினி நல்ல பிள்ளையாக எழுந்து, படம் ஓடத் தொடங்கியதும் படுத்துக்கொண்டது. அடுத்த அறையில் அவள் போனில் தணிந்த குரலில் பேசியது கேட்டது. அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மதியம் தாண்டியது. முதுகும் விட்டுப்போய், வீம்பும் விட்டுப்போய், பழைய கர்னலையே தேடி இறக்கினான். இந்த முறை படம் நிற்காமல் மேலிருந்து கீழே நிரம்பிக்கொண்டு வந்தது. படத்தில் ஜன்னல் வெயில் தரையில் விழுந்து சுவர் வரை போயிருந்ததைப் பார்த்து அசந்துபோனான். இவள் இவ்வளவு நன்றாக வரைவாள் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. சரியாகிவிட்டது, வா என்று கூப்பிட்டான்.

அவள் வாசலிலேயே நின்றாள். என்னால் முடியாது, வேலையெல்லாம் மறந்துவிட்டது என்று தோழியிடம் அப்போதே போனில் சொல்லிவிட்டாளாம். தோழியும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாளாம்.

அவன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "உன் மேல தப்பே இல்ல. நேத்து நான்தான் கர்னலை மாத்தினேன். காலையிலயே தெரியும்."

அவள் கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவனை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கத்துச் சுவரின் நிறத்தை ஒரு பிடி குறைத்து, மறுபடி ஓடவிட்டாள்.

"அதான் வேலை போயிடுச்சே. இனி யாருக்கு?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முடியாதுன்னு நானே என் வாயால சொல்லிட்டேன். அது பொய்னு நானாவது பாக்கணும்ல."