ஓட்டு வீட்டுக்கு ஒரு தகரம்

பசறையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில்தான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். கழுத்தில் மப்ளர், கக்கத்தில் குடை, பக்கத்தில் மனைவி. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுத் தனி வீடு கட்டுகிறாராம். கூரைத் தகரம் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

“ஓடு போடுங்க. மழை பெஞ்சா சத்தமே கேக்காது,” என்றார் கடைக்காரர்.

“கேக்காட்டி எப்படிங்க? மழை வலுத்தா மேட்டு மண்ணு சரிஞ்சிரும். எந்திரிச்சு ஓடணும்ல?”

“லயத்துத் தகரத்துக்குக் கீழ ஒரு மழைக்கும் நான் தூங்கினதில்ல,” என்றார் அவர் மனைவி. “ஓடே போடுங்க.”

ஓடுதான் என்று முடிவாயிற்று. கூடவே பெரியவர் ஒரேயொரு தகரமும் வாங்கினார். தான் படுக்கும் பக்கத்துச் சன்னலுக்கு மேலே அடிக்கவாம்.

சாமான்களை லொறிக்கு விட்டுவிட்டு இருவரும் மடுல்சீமை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பாதி வழியில் மழை பிடித்து, பஸ் கூரை சடசடவென்று அடித்தது. அவர் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“இது சும்மா மழைதான். நீ தூங்கு,” என்றார்.

அந்த அம்மா அவர் தோளில் சாய்ந்து எப்போதோ தூங்கிப்போயிருந்தார்.