ஆமைக்குக் கூச்சம்

எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகிப் பொழிச்சலூருக்கு வந்தேன். தலைக்கு மேல் விமானம் தாழ்ந்து போகும்போதெல்லாம் அடுக்களைத் தட்டுகள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்ளும். அந்த வீட்டை இப்போது நினைத்தாலும் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோலத்தான் தெரிகிறது. மழைக்கால வெளிச்சம், பாசி படிந்த கிணற்றடி, காயாத துணியின் வாசனை.

என் மாமியார் நல்லவர். ஆனால் யார் சாப்பிட்டாலும் எதிரில் வந்து நின்றுவிடுவார். கண் தட்டை விட்டு நகராது. "இன்னா கொறிச்சிகினு கீற, நல்லா அள்ளித் துன்னு" என்பார். அவருக்கு அது உபசாரம். எனக்கோ சோறு இறங்காது. அரைவயிற்றோடு எழுந்துவிடுவேன். அம்மா வீட்டில் கேட்டுக் கேட்டுச் சோறு வாங்கியவள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கல்யாண ரவிக்கைகள் எல்லாம் தொளதொளத்துவிட்டன.

அந்த ஐப்பசியில் அடையாற்று வெள்ளம் ஏறி வடிந்தபோது கிணற்றடியில் ஓர் ஆமை கிடந்தது. உள்ளங்கை அகலம்தான். வளர்க்கலாம் என்று என் கணவர் அதை அலுமினிய டப்பில் விட்டு, ஏறி உட்கார ஒரு செங்கல்லும் வைத்தார். "ஆமை புகுந்த வூடு வெளங்குமாடா?" என்று மாமியார் கத்தினார். அந்த வருஷம் வீட்டுக்குள் புதிதாகப் புகுந்தது நானும்தான். எனக்குச் சுருக்கென்றது.

கத்தியவர்தான் மறுநாள் காலை முருங்கைக்கீரையோடு டப்பின் முன்னால் குந்தினார். வீடு தேடி வந்த ஜீவன் பட்டினி கிடப்பது அவருக்குப் பொறுக்காது. கீரை, வாழைப்பழம், சோற்றுப்பருக்கை, கடைசியில் நெத்திலி. "துன்னு ராஜா, துன்னு" என்று முகத்தருகே நீட்டுவார். நீட்ட நீட்ட அது தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். போகப்போகக் கையில் தூக்கினால் கனமே இல்லை. "செத்துப்பூடும்மா இது" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. எனக்கும் அழுகை வந்தது. அது செத்தால் அந்தப் பழமொழிக்கு நான் மட்டும் மிஞ்சுவேனே என்ற பயமும் கூடவே இருந்தது.

ஒரு மத்தியானம் மாமியார் கண்ணயர்ந்திருந்தார். நெத்திலித் துண்டொன்றைத் தண்ணீரில் போட்டுவிட்டு, டப்புக்கு முதுகைக் காட்டியபடி துணி துவைக்க உட்கார்ந்தேன். விமானம் ஒன்று போனது. தண்ணீரின் நடுக்கம் அடங்கியது. பின்னால் 'ப்ளக்' என்றொரு சத்தம். மெதுவாகத் திரும்பினேன். துண்டைக் காணோம்.

ஓடிப்போய் மாமியாரை எழுப்பினேன். அவர் நம்பவில்லை.

"நாம பாத்தா சாப்பிடாது அத்தை. அதுக்குக் கூச்சம்."

இன்னொரு துண்டைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் மதில் சுவரைப் பார்த்து நின்றோம். சுவரில் ஒரு நத்தை ஏறிக்கொண்டிருந்தது. அது நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ப்ளக். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

மறுநாள் எனக்குச் சோறும் மீன்குழம்பும் வைத்தவர் எதிரில் வந்து நிற்கவில்லை. மணையைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"நான் பாக்கல. நீ துன்னு."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. குழம்புச் சட்டி காலியாகும்வரை அவர் திரும்பவே இல்லை.