ஃபில்லர் ஊசிக்காக மீனை நிறுத்திய அக்காவோடு நாகர்கோவிலுக்கு

என் பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு, வட்டக்கோட்டைக்கு எப்படிப் போவது என்று கேட்டு எழுதும் நண்பர்கள் கொஞ்சம் பொறுக்கவும். இந்த முறை நான் போனது தோல் மருத்துவமனைக்கு. இனயத்தில் இருக்கும் என் அக்கா செலினுக்குக் கன்னத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட வேண்டுமாம். மழைக்காலத்தில் வந்த காய்ச்சலில் ஆள் பாதியாகி, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. துபாயில் இருக்கும் சகாயம் அத்தான் மூன்று வருடம் கழித்து அந்த வார வெள்ளிக்கிழமை வருகிறார். வீடியோ காலில் முகத்தை மினுக்கிக் காட்டும் ஃபில்டர் போட்டே அக்கா இத்தனை மாதம் ஒப்பேற்றிவிட்டாள். விமான நிலையத்தில் ஃபில்டர் கிடையாதே!

செவ்வாய்க்கிழமை காலை 8.10-க்கு இனயத்திலிருந்து பேருந்து. பெண்களுக்கு இலவசம். கருங்கல், திங்கள்சந்தை வழியாக ஒன்றரை மணி நேரம். வலது பக்க ஜன்னலோரம் உட்காராதீர்கள், வெயில் கொல்லும். பசித்தது என்று அக்காவின் சோற்றுப் பொதியைப் பிரித்தால், உள்ளே முட்டை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“மீனு எங்கக்கா?”

“ஊசிக்கு முன்ன மீன் எண்ணெய நிறுத்தணும்னு ஆஸ்பத்திரில இருந்து போன்ல சொன்னாங்கட்டி. எண்ணெ மீனுலதானே இருக்கு? அதான் மீனையே நிறுத்திட்டேன். ஒரு வாரமாச்சு.”

இனயத்தில் ஒரு வாரம் மீன் வாசம் இல்லாத வீடு! ஏதோ நேர்ச்சை என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரி வந்து ஜெபம் சொல்லிவிட்டுப் போனாளாம்.

மருத்துவமனை கோட்டாறிலிருந்து பத்து நிமிட நடை. ஆலோசனைக் கட்டணம் ஐந்நூறு ரூபாய். கோவில் அறிவிப்புத் தாளின் பின்பக்கம் அக்கா கேள்விகளை எழுதி வைத்திருந்தாள். டாக்டரம்மா சிரிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மரத்துப்போகும் மருந்து தடவுவதால் வலி குறைவு. கன்னத்துக்குப் போடும் ஹையலூரானிக் அமில ஃபில்லர், ஆளைப் பொறுத்து ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை நிற்கும். பிடிக்காவிட்டால் அந்த வகையைக் கரைக்க வேறு ஊசி உண்டு. ஆபத்து அபூர்வம்தான், ஆனால் ரத்தக்குழாய் அடைபட்டால் பார்வையே போகலாம். அதனால் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் மட்டுமே போட வேண்டும். பியூட்டி பார்லர் பக்கமே போகக் கூடாது.

“நிறுத்தச் சொன்னது மீன் எண்ணெய் மாத்திரையை. மீன் குழம்பு தாராளமா சாப்பிடுங்கம்மா” என்றார். அப்போதுதான் அவருக்கும் சிரிப்பு வந்தது.

அக்கா கடைசிக் கேள்வியைக் கேட்டாள். “வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாவுமா டாக்டர்?”

“வீக்கம் வடிஞ்சு, கன்றிப்போனது மறைய ரெண்டு வாரம்கூட ஆகலாம். மூணு நாள் முன்னாடி போட வேண்டாம். அவர் வந்த பிறகு நிதானமா வாங்க.”

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. “அப்பம் இந்த மொகத்தையா அவரு பாக்கணும்?” என்று என்னிடம் கேட்டாள். எனக்கு அத்தான் மேல்தான் ஏனோ கோபம் வந்தது.

வடசேரி பேருந்து நிலையத்தில் 1.20-க்கு அத்தானே வீடியோ காலில் கூப்பிட்டார். அக்கா ஃபில்டரைத் தேடுவதற்குள் நான் அழைப்பை எடுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துவிட்டேன். வேண்டுமென்றேதான்.

அத்தான் முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். பிறகு, “ஏட்டி, ஒரு வாரமா நீ ஏன் மீனு பொரிக்கல்ல?” என்றார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் அக்கா.

“நீ போனைச் செவுத்துல சாத்தி வச்சிட்டு மீனைப் பெறட்டக் குனிவல்லா, அப்பம் அந்த மினுக்கெல்லாம் கழண்டு போவும். அந்த நேரத்துலதான் உனக்க மொகத்த நான் பாப்பேன். ஒரு வாரமா பாக்கவே இல்ல.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை.

போகிறவர்களுக்கு என் யோசனை: கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். விசேஷம் இருந்தால் ஒரு மாதம் முன்பே போய்விடுங்கள். அக்கா அடுத்த மாதத்துக்குத் தேதி வாங்கியிருக்கிறாள். போடுவதும் விடுவதும் அவள் இஷ்டம்.

திரும்பும்போது கருங்கல் சந்தையில் இறங்கிச் சாளை மீன் வாங்கினோம். சாயங்காலம் அக்கா போனைச் சுவரில் சாத்தி வைத்து, அத்தானைக் கூப்பிட்டுவிட்டு, மீனை எண்ணெயில் போட்டாள். ஃபில்டர் போடவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடியே இருந்ததில் மீனைப் புரட்ட மறந்துபோனாள். அன்று ராத்திரி கருகின சாளையைத்தான் தின்றேன். நல்ல ருசி.