நாளொன்றுக்கு மூன்று பெருமூச்சு

தட்டச்சர் பதினெட்டு வருஷமாக ஒரே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஆசைதான். எதிர்காலத்தைப் பற்றி ஒரு கதை எழுதி, பத்திரிகையில் தன் பெயரை அச்சில் பார்த்துவிட வேண்டும். கற்பனைக்குப் பஞ்சமில்லை, கைதான் சொன்ன பேச்சுக் கேட்காது. சுற்றறிக்கை அடித்து அடித்து ஊறிப்போன விரல்கள் எதையும் 'பொருள்', 'பார்வை' என்றே ஆரம்பிக்கும்.

கதையும் அப்படியே பிறந்தது. 'பணியாளர்கள் நாளொன்றுக்கு மூன்று பெருமூச்சுகள் மட்டுமே விடலாம். கூடுதலுக்கு முன் அனுமதி பெற வேண்டும்.' ஒரு பிரதி பத்திரிகைக்குப் போனது. மறு பிரதி, மேலாளர் மேசைக்குப் போகும் காகிதங்களோடு தவறிக் கலந்துவிட்டது. மேலாளருக்குப் படிக்கிற பழக்கமில்லை. அடியில் இடம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடுவார். போட்டார்.

மறுநாள் அறிவிப்புப் பலகையைப் பார்த்துத் தட்டச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. கோப்புப் பிரிவு அக்கா, மிச்சத்தைத் திங்கட்கிழமைக்குச் சேர்த்து வைக்கலாமா என்று விசாரித்தாள். சங்கத் தலைவர் குதித்தார்: "மூணு எந்த மூலைக்கு? அஞ்சு குடுக்கற வரைக்கும் ஓயமாட்டோம்!"

தட்டச்சர் மேலாளரிடம் ஓடினார். "சார், அது நான் எழுதுன கதை சார்!"

"கதையா? இதுவரைக்கும் நாப்பது விண்ணப்பம் வந்திருக்கு. நாப்பது பேருக்கும் புத்தி பிசகிப்போச்சா?"

"ரத்து பண்ணிடுங்க சார்..."

"நல்லா ஓடிட்டிருக்கற விதிங்க. கிளைகளுக்கும் அனுப்பியாச்சு."

பக்கத்து அலுவலகங்களும் நகல் எடுத்துக்கொண்டன. இரண்டே வாரத்தில் நகரம் முழுக்க அளந்துதான் பெருமூச்சு விட்டது. அப்போது பத்திரிகையிலிருந்து கதை திரும்பி வந்தது. 'நடைமுறை விதிகளை அனுப்ப வேண்டாம். எங்கள் அலுவலகத்திலும் இதுதான். கற்பனை தேவை.'

தட்டச்சர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "இனிமே எதைத்தான் எழுதறது?"

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே சொன்னாள்: "ஒருத்தன் நெனச்சப்பல்லாம் பெருமூச்சு விடறான்னு எழுதுங்க."

"இதுல என்னடி கற்பனை?"

"இங்க யாரு விடறா, காட்டுங்க பாப்போம்."

எழுதினார். அடுத்த மாதமே வந்தது, முதல் பக்கத்தில், பெயரோடு. 'துணிச்சலான கற்பனை' என்று ஆசிரியர் குறிப்பு வேறு. அலுவலகத்தில் பத்திரிகை மேசை மேசையாகப் போனது. கோப்புப் பிரிவு அக்கா இரண்டு தடவை படித்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா கொஞ்சமாவது நம்புற மாதிரி எழுதக்கூடாதா?"